ராத்திரி எங்கே படுக்கப் போகிறோம் என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிராங்கூன் சாலைப் பக்கம் போனாலும் சரி, வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் சரி, கயிலாய யாத்திரை, முக்திநாத் தரிசனம், லடாக் சுற்றுலா என்று ஏதாவது ஒரு நோட்டீஸ் கண்ணில் படுகிறது. நம் ஆட்கள் இமயமலைப் பக்கம் போய் வருவது நல்ல விஷயம், நானும் போய் வந்தவள்தான். ஆனால் அந்த நோட்டீஸ்களில் விமானம் எது என்று இருக்கிறது, மூன்று வேளையும் சைவச் சாப்பாடு என்று இருக்கிறது, சமையல்காரர் கூடவே வருகிறார் என்று இருக்கிறது, விலை பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த ராத்திரி எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப் போகிறோம் என்பது மட்டும் இருப்பதில்லை. முதல்தடவை உயரமான இடத்துக்குப் போகிறவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு எண்தான் முக்கியம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் இருப்பது கடல் மட்டத்தில். நம் சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். இங்கிருந்து கிளம்பி லடாக்கின் லே விமான நிலையத்தில் இறங்கினால் ஏறக்குறைய 3,250 மீட்டர், ஊருக்குள் போனால் 3,500. திபெத்தின் லாசா 3,650. அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கே மாதிரியே 21 சதவீதம்தான், அது குறைவதில்லை. காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 5,500 மீட்டரில் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், நன்றாகவே பழகும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். பழகுவதற்குள் மேலே மேலே ஏற்றினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை என்று வரும். இதைத்தான் உயர நோய் என்கிறார்கள். பெரும்பாலும் போய் இறங்கிய உடனே தெரியாது, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது முதல் ராத்திரியில்தான் தெரியும். பகலில் ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பிவிடக் கூடாது.

இன்னொரு தப்பான நம்பிக்கை, உடம்பைத் தேற்றிக்கொண்டால் போதும் என்பது. பயணத்துக்கு முன்னால் புளோக் படிகளில் ஏறி இறங்குகிறார்கள், புக்கிட் தீமாவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கிறார்கள். காலுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் உயர நோய்க்கும் உடல் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் வலு இருப்பவர்கள் வேகமாக ஏறுவதால் அவர்களே முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. லேயில் இதைக் கண்ணால் பார்த்தேன். எங்களோடு வந்த என் அக்கா மகன் தேசிய சேவை முடித்த கையோடு வந்திருந்தான், ராணுவத்தின் ஐபிபிடி உடற்தகுதித் தேர்வில் தங்கம் வாங்குகிற பையன். இறங்கிய அன்று சாயங்காலமே சாந்தி ஸ்தூபிக்குப் போகும் படிகளில் ஓட்டமாக ஏறிப் படம் எடுத்துவிட்டு வந்தான். அக்காவுக்கு அறுபது வயசுக்கு மேலே, அறையை விட்டு வெளியே வரவே இல்லை, சூடாக சூப் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள். ராத்திரி பதினோரு மணிக்குப் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான், தலை பிளக்கிறது என்று அழாத குறை. விடுதிக்காரப் பெண்மணி வந்தார், பதறவில்லை, அவனை எழுப்பி வராந்தாவில் தரையோடுகளுக்கு நடுவே ஓடும் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் பெருவிரலைத் தொடுகிற மாதிரி, அடி மேல் அடி வைத்து. நேராக நடந்தான். இதற்கு முன் எத்தனையோ பேரை அந்தக் கோட்டில் நடக்க வைத்தவர் என்பது அவர் நின்று பார்த்த விதத்திலேயே தெரிந்தது. சரி, மூளைக்குப் போகவில்லை, நாளைக்கு முழுக்கப் படுக்கட்டும், மேலே எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் இரவு பையன் எழுந்து சாப்பிட்டான்.

அந்த நடைச் சோதனையை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டின் மேல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்து நுரை நுரையாகச் சளி வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இரண்டுமே ஆளைக் கொல்லும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறக்குவது. விடியட்டும், பஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்க வேண்டும்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். என் சித்தி கயிலாயம் போக ஆசைப்பட்டு ஒரு ஏஜெண்ட் கொடுத்த பயணத்திட்டத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு இரவுக்கும் பக்கத்தில் உயரத்தை எழுதினோம். காட்மாண்டு 1,400. எல்லை தாண்டித் திபெத்துக்குள் கேருங், 2,800க்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த ராத்திரி சாகா, 4,500. அதற்கடுத்தது மானசரோவர், 4,590. எழுதி முடித்ததும் சித்தியே கேருங்குக்கும் சாகாவுக்கும் நடுவில் விரலை வைத்துவிட்டார். ஒரே பகலில் 1,700 மீட்டர்! மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு, 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது. அந்தப் பாதையில் இதை அப்படியே கடைப்பிடிப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கேருங்கில் இன்னொரு ராத்திரி, சாகாவில் இன்னொரு ராத்திரி கூட்டித் தரும் ஆளைத்தான் தேட வேண்டும், இரண்டு நாள் குறைத்து விலையையும் குறைத்துத் தருகிறேன் என்பவரை அல்ல. குறைகிற அந்தக் காசு உங்கள் உடம்பு பழக வேண்டிய நாட்களிலிருந்து எடுத்தது.

கயிலையை நடந்தே வலம் வரும் பரிக்கிரமா வேறு இருக்கிறது. 52 கிலோமீட்டர், வழக்கமாக மூன்று நாள் நடை, இரண்டாம் நாள் டோல்மா கணவாயை ஏறிக் கடக்க வேண்டும், அது ஏறக்குறைய 5,630 மீட்டர். எல்லோரும் அதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. மானசரோவர்க் கரையிலிருந்து கயிலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு, முதல்நாள் நடை மட்டும் போய் வடக்கு முகத்தைத் தரிசித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இதை அங்கே போய் முடிவு செய்யக் கூடாது, இங்கேயே, வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்கக் காசு சேர்த்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அங்கே நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

லடாக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் செலவே கிடையாது, வரிசையை மாற்றினால் போதும். லே போய் இறங்குபவர்கள் 48 மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகமே சொல்கிறது. அதற்கப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கா, பாங்காங் ஏரியா என்ற கேள்வி வரும். நுப்ராவுக்குப் போக கர்துங் லா கணவாயைத் தாண்ட வேண்டும், 5,359 மீட்டர், கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் கணவாயில் நிற்பது கொஞ்ச நேரம், அப்புறம் இறங்கி நுப்ராவில் தூங்குவது 3,100 மீட்டரில், அதாவது லேயைவிடத் தாழ்வு. பாங்காங்கில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கினால் அது 4,200க்கும் மேலே. ஆகவே முதலில் லே, அடுத்து நுப்ரா, கடைசியில் பாங்காங். அதே இடங்கள், அதே நாட்கள், அதே வண்டி. லேயில் ஒரே ராத்திரி தங்கிவிட்டு மறுநாளே பாங்காங்கில் படுக்க வைக்கும் திட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூடவே இன்னொன்று, இந்த இரண்டு இடங்களுக்கும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தனி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் மாமா பிள்ளைகளுக்கு உள்ள விதி நமக்கு இல்லை, சேர்ந்து போகிறவர்கள் இதை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல இந்திய அரசு நடத்தும் கயிலாய யாத்திரையில் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இடம், சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

முக்திநாத் இவற்றைவிட எளிது. காட்மாண்டு, 800 மீட்டர் சொச்சத்தில் பொக்கரா, 2,700 சொச்சத்தில் ஜோம்சோம் என்று படிப்படியாக ஏறலாம், கோயில் இருக்கும் 3,700க்கு மேலே பகலில் போய்விட்டு ஜோம்சோமுக்கே இறங்கித் தூங்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது குளிர். கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் நனைந்துவிட்டு ஈரத்துணியோடு காற்றில் நிற்காதீர்கள், வயதானவர்கள் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். பொக்கராவிலிருந்து போகும் சின்ன விமானங்கள் காலையில்தான் பறக்கும், ஏனென்றால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் நண்பகல் நெருங்கினால் காற்று பலமாக வீசும். மேகம் மூடினால் காலையிலும் பறக்காது. அதனால் ஒரு நாளாவது உபரியாக வைத்திருக்க வேண்டும். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் கயிலாயத்திலிருந்து திரும்பிய இந்திய யாத்திரிகர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும் என்று ஞாயிறு இரவு சாங்கியில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுவது இந்த மாதிரி ஊர்களுக்கு ஒத்துவராது.

விடுமுறைக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். ஜூன் பள்ளி விடுமுறை லடாக்குக்கும் கயிலாயத்துக்கும் பொருந்தும். அதே ஜூனில் நேபாளத்தில் மழை தொடங்கிவிடும், ஜோம்சோம் விமானம் நிச்சயமில்லை. முக்திநாத்துக்கு மார்ச் முதல் மே வரை, அல்லது தீபாவளியை ஒட்டிய மாதங்கள், பிள்ளைகளோடு போவதானால் பரீட்சை முடிந்த நவம்பர் பிற்பாதி. டிசம்பர் கடைசியில் கயிலாயம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தென் அமெரிக்காவுக்குப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெருவின் குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது, எல்லோரும் பார்க்க ஆசைப்படும் மச்சு பிச்சு 2,430தான். குஸ்கோவில் இறங்கியதும் நேராகக் கீழே பள்ளத்தாக்குக்குப் போய் அங்கே சில ராத்திரி தங்கிவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே விடுதிகளில் உயர நோய்க்கு என்று கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். கோக்கா இலை நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட போதைப்பொருள், குடிமகனும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் போதைப்பொருளை உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். குடிக்காதீர்கள், ஒரு பொட்டலம்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

மலேசியாவின் கினபாலு மலையில் ஏறினேனே, அங்கே ஒன்றும் ஆகவில்லையே என்கிறவர்கள் உண்டு. கினபாலு 4,095 மீட்டர், உண்மைதான். ஆனால் அங்கே மலையில் தூங்குவது சுமார் 3,270 மீட்டரில் ஒரே ராத்திரி, விடியற்காலையில் உச்சியைத் தொட்டுவிட்டு அன்றைக்கே அடிவாரத்துக்கு வந்துவிடுகிறோம். உடம்பு முரண்டு பிடிப்பதற்குள் கீழே இறங்கியாகிவிட்டது. நான்கைந்து ராத்திரி மேலேயே கிடப்பது வேறு கதை.

மருந்து விஷயம். அசெட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை, டயமாக்ஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். உடம்பு பழகுவதை அது விரைவாக்கும், மேலே போவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் இங்கே கிடைக்கும், அதுவும் நல்லதுதான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வரும், பயந்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல இது. இதைப் போட்டால் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஏறலாம் என்பதும் இல்லை.

பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து மோந்து பார்த்தால் மூச்சு சரியாகிவிடும் என்று நம் பெரியவர்கள் கொண்டு போகிறார்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், மனசுக்கு ஆறுதலாகவும் இருக்கும், கொண்டு போகட்டும். ஆனால் ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜன்கூட அதனால் ஏறாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது வண்டியிலேயே பெரிய சிலிண்டர் வருகிறதா, அதைப் போடத் தெரிந்த ஆள் வருகிறாரா என்பதுதான். விரதத்தையும் அந்த நாட்களில் தள்ளி வையுங்கள். பசி எடுக்காவிட்டாலும் கஞ்சியோ ரசம் சாதமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். மது வேண்டாம், தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் நம்மில் நிறைய. இன்சுலின் உறைந்துவிட்டால் வீண், ஆகவே பெட்டியில் போடாமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். குளிரிலும் உயரத்திலும் சர்க்கரை பார்க்கும் மீட்டர் தப்பாகக் காட்டலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் தங்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பின்னால் அல்ல. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வழக்கமான சோதனைக்குப் போகும்போது, மலைக்குப் போகிறேன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், இத்தனை மீட்டரில் இத்தனை ராத்திரி என்று எழுதியே கொண்டு போய்க் கொடுங்கள்.

காப்புறுதி வாங்கியாச்சு என்று நிம்மதியாக இருக்காதீர்கள், நிபந்தனைகளைப் படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடந்தால் பணம் கிடையாது என்று சில திட்டங்களில் இருக்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடையாது என்றும் இருக்கும். ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தால் யார் பணம் கட்டுவார்கள் என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவசர எண்ணைத் தாளில் எழுதி ஆளாளுக்கு ஒன்று கொடுங்கள், அந்தக் குளிரில் கைப்பேசி பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

என் மனசில் அதிகமாக உறுத்துவது வேறு. நம் வீட்டுப் பெரியவர்கள் தலைவலித்தால் சொல்ல மாட்டார்கள். நம்மால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம், சாமி பார்த்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டு, காலையில் சாப்பிடாமல், கேட்டால் பசியில்லை என்று சொல்லி வண்டியில் ஏறிவிடுவார்கள். சித்தியிடம் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். அவருக்கு முடியாமல் போனால் கூடவே இறங்குவது சித்தப்பா, சித்தப்பாவுக்கு முடியாவிட்டால் கூட இறங்குவது அவர்கள் மருமகள். யார் யாரோடு இறங்குவது என்பது கிளம்பும் முன்பே பேர் சொல்லி முடிவாகிவிட்டது, மற்றவர்கள் பயணத்தைத் தொடர்வார்கள். தன்னால் எல்லோருடைய யாத்திரையும் கெட்டுவிடுமோ என்ற பயம் போனதும்தான் சித்தி உண்மையாகவே, தலை வலித்தால் சொல்கிறேன் என்றார். காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் கேட்பது என்றும் வைத்துக்கொண்டார்கள்: தலை எப்படி, ராத்திரி தூங்கினீர்களா, சாப்பாடு இறங்கியதா? தலைவலியும் குமட்டலும் இருக்கும்வரை மேலே ஏறுவதில்லை. ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறங்குவது.

கோயில் குழுக்களையும் பயண முகவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டீஸில் ஒவ்வொரு ராத்திரிக்கும் எதிரே தங்கும் ஊரின் உயரத்தைப் போடுங்கள், ஒரு வரிக்கு ஒரு எண், அவ்வளவுதான். வாசகர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நாங்கள் எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறோம் என்று பதில் வந்தால் வேறு முகவரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்